மரம் வளர்க்கும் திருப்பணி

(பாரிவாக்கம் திருக்கோயில் திருப்பணி நடைபெற்றுவந்த நாட்களில் நிகழ்த்திய சொற்பொழிவு)



குடமுழுக்கு என்ற பெயரைக் கேட்டவுடன் நம் நினைவுக்கு வருவது நீர். ஆயினும் அப்பெருவிழாவின் ஒவ்வோர் அங்கத்திலும் மரம் நின்று பணி செய்வதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. திருப்பணி தொடங்குமுன் மூலமூர்த்தியின் சாந்நித்தியத்தை எழுந்தருளச் செய்வது அத்திப் பலகையில். கும்பத்தின் வாயை அழகு செய்வது மாவிலை. நவக்கிரக வேள்வியிலே ஞாயிற்றுக்கு எருக்கு, செவ்வாய்க்குக் கருங்காலி, வியாழனுக்கு அரசு, வெள்ளிக்கு அத்தி, சனிக்கு வன்னி எனச் சமித்துகள் வகுக்கப்பட்டுள்ளன. இவற்றுள் எத்தனை மரங்களை இன்று நம் ஊர் எல்லைக்குள் ஒரு சிறுவனுக்குக் கைநீட்டிக் காட்ட முடியும்? கட்டுக்கட்டாகக் கடையில் வாங்கி வருகிறோம். கடைக்காரர் எங்கிருந்து கொணர்கிறார் என்று கேட்பாரில்லை.

இக்கேள்வியை மனத்திற்கொண்டுதான் மரத்தைப் பற்றிப் பேச இசைந்தேன். உலகம் வெப்பமுற்று வருகிறது, பருவங்கள் முறை பிறழ்கின்றன என்று அறிஞர்கள் அஞ்சும் இந்நாளில், செல்வமும் அதிகாரமும் இல்லாத ஓர் ஊரார் செய்யத்தக்கது யாது என்பதே என் பொருள்.

நம்மைச் சுற்றியுள்ள ஊர்களின் பெயர்களைச் சற்றே சொல்லிப் பாருங்கள். கிழக்கே திருவேற்காடு, வேல மரங்கள் அடர்ந்த காடு. தெற்கே மாங்காடு, மாமரக் காடு. ஆவடிக்கு அப்பால் திருமுல்லைவாயில். முல்லைக்கொடி படர்ந்த வாயில். அருகிலேயே பூவும் மல்லியும் பெயரிலே மணக்கும் பூந்தமல்லி. அடுத்தது பருத்திப்பட்டு. தொண்டை நாட்டின் இப்பகுதியில் ஊருக்குப் பெயரிட்டவர்கள் அரசன் பெயரையோ அதிகாரி பெயரையோ தேடிப் போகவில்லை. எதிரே நின்ற மரத்தையும் கொடியையும் பார்த்துப் பெயரிட்டார்கள். காடு பெயரளவில் நின்றுவிட்டது. பெயர்ப் பலகை மட்டும் பசுமை வண்ணத்தில் இருக்கிறது!

பாரிவாக்கம் என்னும் நம் ஊர்ப் பெயரை ஆராய நான் வரவில்லை. ஆனால் பாரி என்ற ஒலி செவியில் விழுந்ததும் தமிழன் நெஞ்சம் முல்லைக்குத் தேர் ஈந்த பறம்புமலைத் தலைவனை நினையாமல் இராது. சுந்தரமூர்த்தி நாயனாரும் திருப்புகலூர்ப் பதிகத்தில் கொடைக்கு எடுத்துக்காட்டாகப் பாரியின் பெயரையே எடுத்தாள்கிறார். அவ்வள்ளல் செய்தது யாது? முல்லையை அவன் நடவில்லை. அது தானே முளைத்துத் தானே தளிர்த்துப் பற்றுக்கோடின்றி வழியிலே தவித்துக்கொண்டிருந்தது. அது நிற்பதற்கு ஒரு கொழுகொம்பு வேண்டியிருந்தது. தன்னிடம் அப்போது இருந்த தேரையே அதற்கென நிறுத்திவிட்டு நடந்தான். முளைத்த உயிர் பிழைத்து நிற்க வேண்டியதைக் கொடுத்தானே, அதுதான் இரண்டாயிரம் ஆண்டாகப் பேசப்படும் கொடை.

அதே முல்லையைக் கொண்டு மற்றொரு வரலாறும் நமக்கு அண்மையில் உண்டு. தொண்டைமான் படையெடுத்துச் சென்றபோது அவன் யானையின் கால்கள் முல்லைப் புதரிற் சிக்கின. மன்னன் வாளை உருவிக் கொடியை வெட்டினான். வாள் பட்ட இடத்தில் குருதி பெருகிற்று. புதரின் உள்ளே சிவலிங்கத் திருமேனி இருக்கக் கண்டு நடுநடுங்கித் தன் தலையையே அரிந்துகொள்ள முற்பட்டான் என்கிறது தலபுராணம். அந்த வடு ஆறுமாறு இன்றும் திருமுல்லைவாயில் மாசிலாமணீசுவரர் சந்தனக் காப்புடனேயே காட்சி தருகிறார். ஒருவன் தேரைக் கொடுத்தான். ஒருவன் வாளைப் போட்டான். அவசரப் பயணத்தில் வழியை மறித்த ஒரு கொடியின்முன் இருவரும் நின்றார்கள். நம் பூந்தமல்லி–ஆவடி நெடுஞ்சாலையும் அவசரப் பயணத்துக்கு ஏற்பட்ட சாலையே என்பதை நினைவிற்கொள்க.

இனி, பூந்தமல்லியிலே அவதரித்த திருக்கச்சி நம்பிகளை நினைப்போம். இளையாழ்வாராகிய இராமாநுசருக்கு வரதராசப் பெருமாளின் ஆறு வார்த்தைகளைப் பெற்றுத் தந்த பெரியார் அவர். அவருடைய கைங்கரியங்கள் இரண்டு. ஒன்று, பூந்தமல்லியிலே நந்தவனம் அமைத்து மலர் கொய்து காஞ்சிக்குக் கொண்டு சென்றது. மற்றொன்று, வேள்வித் தீயினின்று தோன்றியதால் வெம்மை நீங்காத திருமேனிக்கு ஆலவட்டம் வீசியது. திருவரங்கத்தானுக்குக் காவிரி உண்டு, திருவேங்கடத்தானுக்கு மலைக்காற்று உண்டு, காஞ்சியிலேதான் விசிறி வேண்டும் என்று பெருமாளே உரைத்ததாக மரபு. ஒரு கையில் பூக்குடலை, ஒரு கையில் விசிறி. இவ்விரு பணியையும் ஒருசேரச் செய்வது எதுவெனின், மரம் என்பேன். காவிரியும் மலையும் இல்லாத இத்தொண்டை நாட்டு வெயிலில் அடியார்களுக்கு ஆலவட்டம் வீச வேறு யார் இருக்கிறார்?

வெயில் என்று சொன்னேன். 2003ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் சென்னையில் வெப்பம் 45 டிகிரி செல்சியசை எட்டிற்று. அது ஒரு நாளைய செய்தி. உலகம் முழுவதையும் அளந்து பார்த்தவர்கள் 2024ஆம் ஆண்டில், தொழிற்சாலைகள் பெருகுவதற்கு முந்திய காலத்தைவிடப் புவியின் சராசரி வெப்பம் ஒன்றரை டிகிரிக்கு மேல் உயர்ந்ததென அறிவித்தனர். காரணம் இருள் சூழ்ந்ததன்று. நிலக்கரியும் எண்ணெயும் எரியும்போது கரியமில வாயு வெளிப்படுகிறது. அது போர்வைபோல் நின்று வெப்பத்தைத் தடுத்து வைக்கிறது. அமெரிக்க நாட்டு ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958ஆம் ஆண்டு இவ்வாயுவை அளக்கத் தொடங்கியபோது காற்றின் பத்து லட்சம் பங்கில் அது சுமார் 315 பங்கு இருந்தது. 2024இல் 420ஐக் கடந்துவிட்டது. ஒரு மனிதரின் ஆயுட்காலத்திற்குள் நிகழ்ந்த மாறுதல் இது.

மரம் இதற்கு மருந்தாகுமா? ஆகும், ஆனால் அளவறிந்து பேசவேண்டும். மரக்கட்டையை நன்கு உலர்த்தினால் அதன் எடையில் ஏறக்குறையப் பாதி கரியே. அக்கரி மண்ணிலிருந்து வந்ததன்று. இலை வழியே காற்றிலிருந்து வந்தது. ஒரு கிலோ கரியைச் சேர்க்க ஏறக்குறைய 3.7 கிலோ கரியமில வாயுவை மரம் உட்கொள்கிறது. ஆகவே உலர்ந்த எடையில் 1 டன் தேறக்கூடிய ஒரு பெருமரம், தன் வாழ்நாளில் சுமார் 1.8 டன் வாயுவைப் பூட்டி வைத்திருக்கிறது. நம் நாட்டிலே தலைக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2 டன் வாயு வெளிப்படுகிறது; அமெரிக்காவிலோ அதைப்போல் ஏழு மடங்கு. அதாவது, முழு வளர்ச்சி பெற்ற ஒரு வேம்போ புளியோ நம்மில் ஒருவருடைய ஓராண்டுக் கடனைத்தான் தீர்க்கவல்லது. எஞ்சிய ஆண்டுகளின் கடனுக்கு என் செய்வது? நிலக்கரியைக் குறைத்தல்லவா தீரவேண்டும்! அத்தியின் பெயர் தாங்கிய அத்திப்பட்டிலேயே அனல் மின்நிலையம் நிலக்கரியை எரித்துக்கொண்டிருக்கிறது. அதன் மின்சாரத்தில் நமக்கும் பங்குண்டு. பத்துக் கன்று நட்டுவிட்டுப் பாவம் தொலைந்தது என்று வீடு திரும்புவோர்க்கு இக்கணக்கைச் சொல்வது என் கடமை.

2019ஆம் ஆண்டில் சூரிக் நகரத்து அறிஞர் குழுவொன்று உலகில் இன்னும் 90 கோடி ஹெக்டேர் நிலத்தில் மரம் வளர இடமுண்டு என்றும், அவை 20,500 கோடி டன் கரியைச் சேமிக்கும் என்றும் எழுதிற்று. உலகெங்கும் ஆரவாரம் எழுந்தது. கணக்கு மிகையென்று வேறு அறிஞர்கள் மறுத்தார்கள். அவ்வாதத்தில் நாம் நுழைய வேண்டுவதில்லை. மறுத்தவர்களும் மறுக்காத உண்மை ஒன்றுண்டு: மரம் உயிரோடு நிற்கும்வரைதான் கரி அதனுள் இருக்கும். பட்டு உளுத்தாலும் அடுப்பிலே எரிந்தாலும் வாங்கியதைத் திருப்பிக் காற்றுக்கே கொடுத்துவிடும். நட்ட நாள் கணக்கில் வராது. நின்ற ஆண்டுகளே வரும்.

அன்பர்களே, நான் சொல்லவந்த செய்தி இங்கேதான் இருக்கிறது. நடுவதற்கு இந்நாட்டில் ஒருபோதும் குறைவிருந்ததில்லை. 1950ஆம் ஆண்டில் மத்திய அமைச்சராயிருந்த கே. எம். முன்ஷி அவர்கள் வனமகோத்சவத்தைத் தொடங்கி வைத்தார்கள். அன்று முதல் எத்தனை குழிகள் தோண்டப்பட்டன! ஒரே குழியில் ஆண்டுதோறும் புதுக்கன்று நட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் விழாக்களும் உண்டு. இது நமக்கு மட்டும் உரிய குறையன்று. துருக்கி நாட்டில் 2019 நவம்பர் 11ஆம் நாள், ஒரே நாளில் 1 கோடியே 10 லட்சம் கன்றுகளை நட்டார்கள். சில மாதங்களுக்குள், தாங்கள் பார்த்தவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு பட்டுவிட்டன என்று அந்நாட்டு வனத்துறைத் தொழிலாளர் சங்கம் கூறிற்று. அரசு அதனை மறுத்தது. எவர் சொல் மெய்யாயினும், நட்ட எண்ணைக் கொண்டாடியவர்கள் நின்ற எண்ணில் வழக்காட நேர்ந்ததைக் காண்க.

நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். சோழர் காலக் கல்வெட்டுகளைப் படிப்போர் ‘திருநந்தவனப்புறம்’ என்னும் சொல்லை அறிவர். கோயில் நந்தவனத்தின் செலவுக்கென விடப்பட்ட நிலம் அது. அதன் வருவாயிலிருந்து நந்தவனத்தில் உழைப்போர்க்கு உணவும் உடையும் அளந்தனர். கன்றைத் தானம் செய்தவரைக் காட்டிலும், நாள்தோறும் நீர் இறைப்பவனின் வயிற்றுக்கு வழி செய்தவரையே கல் நினைவில் வைத்திருக்கிறது. பெரியாழ்வாரும் தொண்டரடிப்பொடியாழ்வாரும் நந்தவனம் வைத்தார்கள் என்பதினும், அதிலேயே வாழ்ந்தார்கள் என்பதே பொருத்தம். உடையவரின் கட்டளைப்படி திருமலையிலே ஏரி வெட்டிப் பூந்தோட்டம் காத்த அனந்தாழ்வான் அப்பணிக்கே தம் வாழ்நாளைக் கொடுத்தார். தலமரம் என்ற ஏற்பாடும் இத்தகையதே. திருவேற்காட்டில் வெள்வேல், காஞ்சி ஏகாம்பரத்தில் மா, இலுப்பைபட்டில் இலுப்பை என்று ஒரு மரத்தை இறைவனோடு சேர்த்துவிட்டால் கோடரி அதனை அணுகாது. காவலன் இல்லாமலே காவல் அமைந்துவிட்டது!

நம் ஊரில் மரம் எதற்கு வேண்டும் என்பதையும் சொல்லவேண்டும். வாயுவின் கணக்கு உலகத்துக்கு. நிழலின் கணக்கு நமக்கு. தாரும் சிமெண்டும் பகலில் வெயிலை விழுங்கி இரவில் உமிழ்கின்றன. மரமோ வேர் வழியே நீரை உறிஞ்சி இலை வழியே ஆவியாக விட்டுத் தன் அடியைக் குளிர்விக்கிறது. மழைநீரின் வேகத்தைத் தணித்து, வேரோடிய மண்ணினுள் இறக்குகிறது. செம்பரம்பாக்கம் ஏரியை நினைத்துப் பாருங்கள். 2015 டிசம்பரில் அது நிரம்பித் திறந்துவிட்ட வெள்ளம் அடையாற்றங்கரையை மூழ்கடித்தது. நான்கே ஆண்டுகளில், 2019 ஜூனில், அதே ஏரி வறண்டு வெடித்தது. ஜோலார்ப்பேட்டையிலிருந்து இரயிலிலே சென்னைக்குக் குடிநீர் வந்தது. ஒரே ஏரி, ஒரே மக்கள், இரண்டு துன்பம். வானம் தருவதைத் தாங்கி வைக்கும் மண் குறைந்ததற்கு இதனினும் சான்று வேண்டுமோ? நம் பாரிவாக்கம் ஏரிக்கும் அந்த வானந்தான் மேலே இருக்கிறது.

எம்மரத்தை நடுவது என்பதிலும் கருத்து வேண்டும். 2016 டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னைமீது வீசியபோது வீழ்ந்த மரங்களுக்கு அளவில்லை. பார்வைக்காக வைத்த வெளிநாட்டு மரங்கள் பல எளிதில் சாய்ந்தன. வேரைச் சுற்றிச் சிமெண்டு பூசி மூச்சடைக்கப்பட்ட மரங்கள் எவ்வினமாயினும் தப்பவில்லை. ஆதலின் சாலையோரத்தில் வேம்பு, புங்கம், பூவரசு. தெரு அகலமாயின் நாவல், இலுப்பை. வீட்டு முற்றத்தில் வில்வம், மகிழம். இலுப்பை நம் கோயில்களில் விளக்கெரிந்த எண்ணெய் மரம் என்பதை மறவற்க. எம்மரமாயினும் அடியில் மூன்று முழம் மண்ணைத் திறந்து விடுக. ஏரிக்கரைமேல் பனை ஒன்றே தக்கது. அது கரையைப் பிடிக்கும், புயலுக்கு அஞ்சாது, நம் மாநில மரமும் அதுவே. பனங்கொட்டைக்கு விலையும் இல்லை, நீரும் வேண்டா. ஐப்பசி மழைக்கு முன் ஊன்றிவிட்டால் போதும். ஏரியின் உள்வாயிலோ ஒரு கன்றும் வைக்கலாகாது. அது நீரின் இடம். அங்கே புகுந்துள்ள சீமைக்கருவேலைக் களைவதுதான் அவ்விடத்துக்கு உரிய தொண்டு.

இன்னொன்று. விமானத்தின் சுதை இடுக்குகளில் பறவைகள் விதைத்த அரசங்கன்றுகளும் ஆலங்கன்றுகளும் வேரோடிக் கிடந்தன. திருப்பணியாளர்கள் அவற்றைக் களைகிறார்கள். களையத்தான் வேண்டும், இல்லையேல் கோபுரத்தையே பிளந்துவிடும். ஆனால் வேர் அறாமல் வந்தவற்றைக் குப்பையில் எறியாமல் தொட்டியில் வைத்துத் தேற்றுக. விமானத்தில் பிறந்த அரசைவிட நம் ஊர் வெளியில் நடுதற்குத் தகுதியுடையது எது? வீட்டுச் சுவரை விட்டும் ஏரிக்கரையை விட்டும் நன்கு விலக்கி நடுக.

செலவைப் பற்றி ஏழை எளியோர் அஞ்ச வேண்டா. அர்ச்சனைத் தட்டு ஒன்றுக்கு ஆகும் செலவில் ஒரு கன்று கிடைத்துவிடும். 2022 செப்டம்பரில் தமிழக அரசு பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கி, மாநிலத்தின் பசுமைப் பரப்பை நூற்றுக்கு 23.7 பங்கிலிருந்து 33 ஆக உயர்த்த உறுதி பூண்டுள்ளது. அதற்கென நாற்றங்கால்களும் ஏற்பட்டுள்ளன. செலவு கன்றில் இல்லை, கோடையில் இருக்கிறது. தை முதல் ஆனி வரையில் வாரத்துக்கு இரண்டு குடமாகக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறக்குறைய 52 குடம். மூன்று கோடை தாண்டினால் வேர் தானே நீரைத் தேடிக்கொள்ளும். ஆக ஒரு மரத்துக்கு 156 குடம் தண்ணீர். பாத்திரம் கழுவிய நீரும் ஆகும், சோப்பு கலவாதிருந்தால். ஆடு மாடு அணுகாமல் நாலு முள் வேண்டும். இவ்வளவே. குடத்தால் முழுக்காட்டும் விழாவுக்கு இத்தனை ஆர்வத்தோடு திரண்ட ஊருக்கு, ஒரு கன்றுக்கு 156 குடம் பெரிதாகத் தோன்றாதென நம்புகிறேன்.

கோயிலுக்குக் குடமுழுக்குப் பன்னீராண்டுக்கு ஒருமுறை என்பது வழக்கு. மரக்கன்று தன் காலில் நின்று, நிழல் தந்து, பூத்துக் காய்க்கவும் ஏறத்தாழ அக்காலமே ஆகும். பனை மட்டும் இன்னும் சில ஆண்டு பொறுக்கச் சொல்லும். எனவே திருப்பணிக் குழுவினர்முன் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். அலுவலக அறையில் ஒரு குறிப்பேடு வையுங்கள். இத்தனை நூறு, இத்தனை ஆயிரம் என்று இலக்குக் குறிக்க வேண்டா. ஒரு குடும்பத்துக்கு ஒரு கன்று. கன்றின் பெயர், நட்ட இடம், நீர் ஊற்றப் பொறுப்பேற்றவர் பெயர். நம் ஊரில் இப்போது வாடகைக்குக் குடியிருப்போர் பலர், அவர்களும் எழுதலாம். வீடு மாறிப் போகும்போது அடுத்து வருவோரிடமோ அண்டை வீட்டாரிடமோ கன்றை ஒப்படைத்து ஏட்டிலும் பெயரை மாற்றிவிட்டுச் செல்லட்டும். ஆண்டுதோறும் ஆடிமாதத்தில் இரண்டு இளைஞர்கள் ஊரைச் சுற்றிவந்து, ஒவ்வொரு கன்றுக்கும் நேரே ‘உளது’ அல்லது ‘பட்டது’ என்று எழுதட்டும். பட்டதை மறைக்க வேண்டா; அவ்விடத்தில் மறுகன்று வைத்துப் புதிய வரியில் எழுதுக.

இம்மலரின் பின்பக்கங்களில் நன்கொடை அளித்தவர்களின் பட்டியல் அச்சாகும். அடுத்த குடமுழுக்கின் மலரில் அதற்கு எதிர்ப்பக்கத்தில் இந்த ஏடும், பட்ட கன்றுகளின் வரிகள் உட்பட, அப்படியே அச்சேற வேண்டும். முதல் வரிக்கு விமானத்திலிருந்து எடுத்த அரசங்கன்று ஒன்று தொட்டியில் காத்திருக்கிறது. அதற்கு நீர் ஊற்ற முன்வருபவர் கூட்டம் முடிந்ததும் அலுவலக அறைக்கு வந்து பெயரைக் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.